ஓடு உடையும் இடத்தில் எண் மாறுகிறது

(நாமக்கல்லில் கோழிப்பண்ணையாளர்கள், ஏற்றுமதி அலுவலகப் பணியாளர்கள், வணிகவியல் மாணவர்கள் கூடியிருந்த அரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தீவனம், தடுப்பூசி, கோடை வெயிலில் குறையும் உற்பத்தி, அன்றாட விலை நிர்ணயம் இவையெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். நான் பேச வந்தது அதற்குப் பிந்தைய கதை. முட்டை டிரேயில் அடுக்கப்பட்டு, பெட்டியில் கட்டப்பட்டு, ரீஃபர் என்ற குளிர்சாதனக் கண்டெய்னரில் ஏறித் தூத்துக்குடிக்குப் போகிறது. அங்கே ஷிப்பிங் பில்லில் ஒரு கட்டத்தில் 0407 21 00 என்று எட்டு இலக்கம் ஒன்று விழுகிறது. அந்த எண்தான் இன்றைய பொருள்.

பெரும்பாலான அலுவலகங்களில் அந்தக் கட்டத்தை யாரும் யோசித்து நிரப்புவதில்லை. போன தடவை போட்டதையே போட்டுவிடுங்கள் என்று சி.எச்.ஏ.விடம், அதாவது சுங்க முகவரிடம், சொல்லிவிடுகிறோம். வெறும் ஓட்டு முட்டையை மட்டும் ஓமனுக்கும் கத்தாருக்கும் அனுப்பிக்கொண்டிருந்த வரை அது போதுமானதாக இருந்தது. இன்று இதே வட்டாரத்திலிருந்து முட்டைத்தூள் போகிறது, உறைந்த மஞ்சள் கரு போகிறது, வெள்ளைக்கருத் தூள் தனியாகப் போகிறது. 2023-இல் இலங்கையில் தட்டுப்பாடு வந்தபோது அங்குள்ள பேக்கரிகளுக்காக இந்திய முட்டை கப்பல் ஏறியது. 2025-இல் பறவைக் காய்ச்சலால் அமெரிக்காவில் முட்டை விலை எகிறியபோது நாமக்கல் முட்டை அமெரிக்கக் கரையையும் தொட்டது. சரக்கும் சந்தையும் இப்படிப் பெருகிய பிறகு, அந்த எண்ணை உற்பத்தி செய்பவரே படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அடுத்தவர் படித்துச் சொல்வதை நம்பிக் கையெழுத்துப் போடுவது ஆபத்தானது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். ஏனென்றால் சுங்கச் சட்டப்படி சரக்கின் வகையைத் தானே மதிப்பிட்டு அறிவிக்கும் பொறுப்பு ஏற்றுமதியாளர், இறக்குமதியாளர் மேல்தான் இருக்கிறது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரஸ்ஸல்ஸில் இருக்கும் உலக சுங்க அமைப்பு, அன்று அதற்குச் சுங்க ஒத்துழைப்புக் குழு என்று பெயர், 1983-இல் சரக்குகளை எண்ணிட்டு வகைப்படுத்தும் ஓர் ஒப்பந்தத்தை நிறைவேற்றியது. அது 1988 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்த எண் முறையைத்தான் எச்.எஸ். கோடு என்கிறோம். இந்தியா ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும் முன்பே, 1986-இலேயே, தன் சுங்கத் தீர்வைப் பட்டியலை இந்த முறைக்கு மாற்றிக்கொண்டது. முதல் இரண்டு இலக்கம் அத்தியாயம், நான்கு இலக்கம் தலைப்பு, ஆறு இலக்கம் உபதலைப்பு. ஆறு இலக்கம் வரை உலகம் முழுக்க ஒன்றே. அதற்குப் பிறகு வருவது அந்தந்த நாட்டின் விருப்பம்.

முட்டை நான்காம் அத்தியாயத்தில் இருக்கிறது, பாலோடும் தேனோடும். அங்கே அதற்கு இரண்டு தலைப்புகள். ஓட்டோடு இருக்கும் பறவை முட்டை 0407. ஓடு நீங்கிய முட்டையும் மஞ்சள் கருவும் 0408. முட்டை வகைப்பாட்டின் முதல் கோடு இதுதான். பச்சையா வேகவைத்ததா என்று சட்டம் முதலில் கேட்பதில்லை. கோழியா வாத்தா என்றும் முதலில் கேட்பதில்லை. ஓடு இருக்கிறதா என்று கேட்கிறது. வேகவைத்தாலும், உப்பில் ஊறவைத்தாலும், சீனர்கள் செய்வதுபோல் சுண்ணாம்பும் சாம்பலும் பூசிப் பல வாரம் வைத்தாலும், ஓடு இருக்கும் வரை 0407 தான். தோலுரித்த அவித்த முட்டையைப் பாக்கெட்டில் அடைத்தால் 0408 ஆகிவிடுகிறது. ஜி.எஸ்.டி.யும் இதே பட்டியலைத்தான் பின்பற்றுகிறது: ஓட்டோடு விற்றால் வரி இல்லை, ஓட்டை நீக்கி விற்றால் 5 விழுக்காடு.

ஏன் ஓட்டுக்கு இவ்வளவு மரியாதை? ஓடு இருக்கும்போது முட்டை தன்னைத் தானே காத்துக்கொள்கிறது. உள்ளே என்ன இருக்கிறது, யாராவது எதையாவது கலந்தார்களா என்ற கேள்விக்கு இடமில்லை. ஓடு உடைந்த நொடியில் அது ஆலைச் சரக்கு. சூடுபடுத்த வேண்டும், குளிர்விக்க வேண்டும், கிருமிச் சோதனை வேண்டும். பறவைக் காய்ச்சல் பரவும் காலத்தில் ஓட்டு முட்டைக்குக் கதவை மூடும் நாடு, முறையாகச் சூடுபடுத்திய முட்டைத்தூளை உள்ளே விடுவதுண்டு. சுகாதார அதிகாரிக்குத் தேவைப்படும் பிரிவும் சுங்க அதிகாரியின் பிரிவும் இந்த இடத்தில் ஒன்றாக அமைந்திருக்கின்றன. நல்ல வகைப்பாட்டுக்கு அது ஓர் அடையாளம் என்பேன்.

இனி 0407-க்கு உள்ளே போவோம். 2012 வரை ஆறு இலக்க அளவில் இந்தத் தலைப்புக்குள் எந்தப் பிரிவும் கிடையாது. அடைக்கு வைக்கும் முட்டை, ஆம்லெட் போடும் முட்டை, உப்பு வாத்து முட்டை எல்லாமே 0407.00 தான். ஒரு நாடு எத்தனை கோடி முட்டையை இறக்குமதி செய்தது என்று தெரியும். அதில் எத்தனை சாப்பிடப்பட்டது, எத்தனை குஞ்சானது என்பது உலகப் புள்ளிவிவரத்தில் தெரியாது. ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு, உணவுப் பாதுகாப்பையும் பஞ்ச முன்னெச்சரிக்கையையும் கருதி, பல வேளாண் பொருட்களின் பிரிவுகளைத் திருத்தக் கேட்டது. அதன் பயனாக 2012 திருத்தத்தில் 0407 பிரிந்தது. அடைக்கு வைப்பதற்கான கருவுற்ற கோழி முட்டை 0407.11, மற்றப் பறவைகளுடையது 0407.19. மற்ற புதிய முட்டைகளில் கோழி 0407.21, மற்றப் பறவைகள் 0407.29. பதப்படுத்தியதும் அவித்ததும் 0407.90. ஆக, உங்கள் காடை முட்டை 0407.29, உப்பில் ஊறிய வாத்து முட்டை 0407.90.

இதன் அருமையை நினைத்துப் பாருங்கள். அடைமுட்டை இறக்குமதி திடீரென்று குறைந்தால் அந்த நாட்டில் சில மாதம் கழித்து கோழியும் முட்டையும் குறையப் போகிறது என்று பொருள். சாப்பிடும் முட்டையின் இறக்குமதி கூடினால் இன்றே பற்றாக்குறை என்று பொருள். ஒரே எண்ணில் இரண்டும் கலந்து கிடந்தபோது ஒன்றின் எழுச்சி மற்றதன் வீழ்ச்சியை மறைத்துவிடும். யாரோ சில நிபுணர்கள் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து ஒரு கோடு போட்டதால், ஓர் ஏழை நாட்டின் தட்டு காலியாகப் போவதை முன்கூட்டியே பார்க்கும் கண் ஒன்று கிடைத்திருக்கிறது. எண்களை வெறும் வரிவசூல் கருவி என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் எடுத்துக்காட்டு இது.

0407.11-இல் ஒரு நுணுக்கம். அதில் இரண்டு நிபந்தனைகள் சேர்ந்திருக்கின்றன: கருவுற்றிருக்க வேண்டும், அடைக்கு வைப்பதற்காக இருக்க வேண்டும். சேவலோடு திரியும் நாட்டுக்கோழியின் முட்டை கருவுற்றதுதான். ஆனால் சந்தையில் சாப்பிட விற்கிறோம். அது 0407.11-க்குப் போகாது. இட்ட அன்றே விளக்கொளியில் பிடித்துப் பார்த்தால் கருவுற்றதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. சில நாள் அடையில் இருந்த பிறகுதான் நரம்பு தெரியும். அதனால் அதிகாரி முட்டையை விட்டுவிட்டுத் தாள்களைப் பார்க்கிறார்: தாய்க்கோழிப் பண்ணையின் சான்று, கட்டிய விதம், விலை, வாங்குபவர் குஞ்சுபொரிப்பகமா மளிகை மொத்த வியாபாரியா என்பது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அடைமுட்டை ஒவ்வொன்றிலும் முத்திரை குத்த வேண்டும் என்ற விதியும் இருக்கிறது.

தீர்வை போடும் அலகும் இதோடு மாறுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுப் பட்டியலில் சாப்பிடும் கோழி முட்டைக்கு 100 கிலோவுக்கு 30.4 யூரோ. அடைமுட்டைக்கோ 1,000 முட்டைக்கு 35 யூரோ. ஒன்று எடை, மற்றொன்று எண்ணிக்கை. சாப்பிடும் முட்டையில் நாம் வாங்குவது சத்து. அது எடையோடு போகிறது. அடைமுட்டையில் வாங்குவது ஓர் உயிர். 50 கிராம் முட்டையிலும் ஒரு குஞ்சுதான், 65 கிராம் முட்டையிலும் ஒரு குஞ்சுதான். வான்கோழி, வாத்தினப் பெரும்பறவையான கூஸ் ஆகியவற்றின் அடைமுட்டைக்கு 1,000-க்கு 105 யூரோ, சரியாக மூன்று மடங்கு.

அமெரிக்கா சாப்பிடும் முட்டையையும் எண்ணித்தான் வரி போடுகிறது: டஜனுக்கு 2.8 செண்ட். ஒரு 40 அடி ரீஃபரில் 360 முட்டை கொண்ட பெட்டிகள் சுமார் 1,300 ஏறும் என்று வைத்துக்கொண்டால் 39,000 டஜன். அடிப்படைத் தீர்வை 1,092 டாலர்தான். 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்கள் மேல் அமெரிக்கா விதித்த கூடுதல் வரி 50 விழுக்காட்டை எட்டியபோது, அது எண்ணிக்கையின் மேல் விழவில்லை, விலையின் மேல் விழுந்தது. அந்த வகை வரியில், இங்கே முட்டை விலை ஏறினால் அங்கே வரியும் ஏறும். உங்கள் ஒப்பந்தத்தில் தீர்வை யார் தலையில் என்று எழுதும்போது, அது எந்த வகைத் தீர்வை என்றும் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது நான் மிகவும் நேசிக்கும் பகுதிக்கு வருகிறேன். 0408 தலைப்பில் உலர்ந்த மஞ்சள் கரு 0408.11, உலராத மஞ்சள் கரு 0408.19, முழு முட்டை உலர்ந்தது 0408.91, உலராதது 0408.99. வெள்ளைக்கரு எங்கே? அது இங்கே இல்லை. தனியாகப் பிரித்த வெள்ளைக்கரு உணவு அத்தியாயத்தையே விட்டுக் கிளம்பி, வேதிப்பொருள் பிரிவுக்குள், பசைக்கும் நொதிகளுக்கும் பக்கத்தில், 35-ஆம் அத்தியாயத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. உலர்ந்தது 3502.11, மற்றது 3502.19. ஒரே ஆலையில், ஒரே இயந்திரத்தில் ஒரு முட்டையை உடைத்து இரண்டாகப் பிரிக்கிறோம். ஒரு குழாயில் வருவது 4-ஆம் அத்தியாயம், அடுத்த குழாயில் வருவது 35.

இது விசித்திரமாகத் தோன்றலாம். வெள்ளைக்கரு தொழிற்சாலைகளில் எதற்கெல்லாம் பயன்பட்டது என்று பார்த்தால் புரியும். 1850-இல் பிரான்சின் பிளாங்கார்-எவ்ரார் வெள்ளைக்கரு பூசிய புகைப்படத் தாளை அறிமுகப்படுத்தினார். அடுத்த சில பத்தாண்டுகளுக்கு உலகின் புகைப்படங்களில் பெரும்பங்கு அந்தத் தாளில்தான் அச்சானது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரம் அந்தத் தாள் உற்பத்தியின் மையமாக இருந்தது. நம் பாட்டன் முப்பாட்டன் காலத்துப் பழுப்பேறிய படங்கள் பலவற்றில் வெள்ளி உப்பைப் பிடித்து வைத்திருப்பது கோழி முட்டையின் வெள்ளைக்கரு. துணி அச்சடிக்கவும், ஒயினைத் தெளியவைக்கவும், பொன்தாள் ஒட்டவும் அது பயன்பட்டது. மிஞ்சிய மஞ்சள் கரு தோல் பதனிடும் இடங்களுக்குப் போனது. 0408-க்கான அதிகாரபூர்வ விளக்கக் குறிப்பு இன்றும், மஞ்சள் கரு உணவுக்காக இருந்தாலும் தோல் பதனிடுவது போன்ற தொழிலுக்காக இருந்தாலும் அந்தத் தலைப்பில்தான் வரும் என்று சொல்கிறது. அதே குறிப்பு நீள் உருளையாக வார்த்த முட்டையையும் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. நடுவே மஞ்சள், சுற்றிலும் வெள்ளை, எந்த இடத்தில் வெட்டினாலும் ஒரே வட்டம். உணவு ஆலைகள் இப்படியும் செய்கின்றன.

இப்போது ஐரோப்பிய ஒன்றியத்தின் தீர்வைகளைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். சலுகைகளும் ஒதுக்கீடுகளும் தனி, நான் சொல்வது பொது விகிதம், எல்லாம் 100 கிலோவுக்கு. உலராத முழு முட்டை 35.3 யூரோ, உலர்ந்தது 137.4. திரவ மஞ்சள் கரு 62, உலர்ந்தது 142.3. உலராத வெள்ளைக்கரு 16.7, உலர்ந்தது 123.5. முதல் பார்வைக்கு இந்த எண்களில் ஒழுங்கே தெரியாது. வகுத்துப் பாருங்கள். முழு முட்டையில் உலர்ந்ததற்கும் உலராததற்கும் உள்ள விகிதம் 3.9. மஞ்சள் கருவில் 2.3. வெள்ளைக்கருவில் 7.4. ஆலையில் வேலை செய்பவர்களுக்கு இந்த மூன்று எண்ணும் உடனே பிடிபடும். முழு முட்டைக் கலவையில் முக்கால் பங்கு தண்ணீர், சுமார் நான்கு கிலோவைக் காய்ச்சினால் ஒரு கிலோ தூள். மஞ்சள் கருவில் ஏறத்தாழப் பாதிதான் தண்ணீர், இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் போதும். வெள்ளைக்கருவில் 100-க்கு 88 பங்கு தண்ணீர், எட்டு கிலோ அளவுக்கு வேண்டும். தண்ணீருக்கு வரி போடக் கூடாது, சத்துக்கு மட்டுமே போட வேண்டும் என்ற எண்ணம் இந்தப் பட்டியல் முழுக்க ஓடுகிறது. ஓட்டு முட்டையையும் சேர்த்துப் பாருங்கள்: 30.4-ஐ 35.3-ஆல் வகுத்தால் 0.86. ஓடும், சவ்வும், ஓட்டோடு ஒட்டிப்போகும் கழிவும் நீங்கினால் ஒரு முட்டையில் மிஞ்சுவது கிட்டத்தட்ட அவ்வளவுதான். முட்டையை உடைத்து, எடை போட்டு, காய்ச்சிப் பார்த்தவர்களின் கைக்கணக்கு ஒரு வரிப்பட்டியலாகி நிற்கிறது. அதைப் படிக்கும்போது எனக்கு அந்த மனிதர்கள் மேல் மரியாதை வருகிறது.

அமெரிக்கப் பட்டியலில் இந்த நுணுக்கம் இல்லை. உலர்ந்தது எதுவானாலும் கிலோவுக்கு 47.6 செண்ட், உலராதது எதுவானாலும் 9.7 செண்ட். மஞ்சள் கரு, வெள்ளைக்கரு, முழு முட்டை மூன்றுக்கும் இதே. இதன் விளைவு நேரடியாக வியாபாரத்தில் தெரியும். எட்டு கிலோ வெள்ளைக்கருவைத் திரவமாக அனுப்பினால் 77.6 செண்ட் அடிப்படைத் தீர்வை. அதையே ஒரு கிலோ தூளாக்கி அனுப்பினால் 47.6. உலர்த்தினால் லாபம். மஞ்சள் கருவில் நேர்மாறு: 2.2 கிலோ திரவத்துக்கு 21 செண்ட் சொச்சம், தூளாக்கினால் அதே 47.6, இரண்டு மடங்குக்கு மேல். கப்பல் கூலி, குளிர்சாதனச் செலவு, கெட்டுப்போகும் ஆபத்து எல்லாம் சேர்ந்தால் முடிவு மாறலாம். ஆனால் எந்தச் சரக்கை எந்த நிலையில் அனுப்புவது என்ற முடிவுக்குள் இந்தக் கணக்கு கட்டாயம் நுழைய வேண்டும். அதை சி.எச்.ஏ. செய்து தர மாட்டார். அது அவர் வேலையும் அல்ல.

ஐரோப்பியப் பட்டியலில் இன்னொரு வரி இருக்கிறது: மனிதர் உண்ணத் தகாத உலர்முட்டைக்கும் கருவுக்கும் தீர்வை இல்லை. உண்ணத் தகுந்ததற்கு 100 கிலோவுக்கு 140 யூரோ அளவில் இருக்கும்போது, தகாததற்குச் சுழி. இந்த இடைவெளி யாரையும் சபலப்படுத்தும். அதனால்தான் அந்தச் சலுகைக்கு, சரக்கை உண்ணவே முடியாதபடி மாற்றியிருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் கூடவே வருகின்றன. இந்த வரியைக் கண்டு யாராவது உங்களிடம் யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அது வரி ஏய்ப்போடு நிற்காது, யாரோ ஒருவரின் வயிற்றுக்குள் போகும்.

கலப்புச் சரக்கு அடுத்தது. 0408-இல் சர்க்கரை சேர்ப்பதற்குத் தலைப்பே இடம் தருகிறது. ஆனால் மசாலாவும் சுவையூட்டியும் சேர்ந்தால் விளக்கக் குறிப்பு அதை 21-ஆம் அத்தியாயத்தின் 2106-க்கு அனுப்பிவிடுகிறது. முட்டைத்தூளில் மிளகும் உப்பும் வெங்காயத்தூளும் கலந்து, தண்ணீர் ஊற்றி ஆம்லெட் போடலாம் என்று பாக்கெட் செய்தால், அதில் முட்டை எவ்வளவு இருந்தாலும், அது முட்டை என்ற தலைப்பை விட்டு வெளியேறிவிட்டது. மஞ்சள் கருவிலிருந்து எடுத்த எண்ணெய் 1506, லெசித்தின் 2923. வெள்ளைக்கருவிலிருந்து பிரித்த லைசோசைம் ஒரு நொதி, ஆகவே 3507.

பறவையல்லாதவற்றின் முட்டைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மீன் முட்டை மீனோடு போகும், காவியார் 1604. பட்டுப்புழு முட்டை 0511, எறும்பு முட்டையும் அங்கேதான். ஆமை முட்டை 0410 என்று விளக்கக் குறிப்பு சொல்கிறது. சென்னைக் கடற்கரையில் ஆண்டுதோறும் முட்டையிட வரும் பங்குனி ஆமை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர். அதன் முட்டையைத் தொடுவதே குற்றம். பட்டியலில் எண் இருப்பது வியாபாரத்துக்கு அனுமதி அல்ல. பிடிபட்ட கடத்தல் சரக்கைப் பதிவு செய்யவும் ஓர் எண் வேண்டும் அல்லவா?

கடைசியாக ஒன்று, இளைஞர்கள் கவனிக்க வேண்டியது. இந்தியா பல நாடுகளோடு வர்த்தக ஒப்பந்தங்கள் செய்துகொண்டிருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தோடு செய்தது 2022 மே 1 முதல் நடப்பில் இருக்கிறது. இத்தகைய ஒப்பந்தங்களில் ஒரு சரக்கு எந்த நாட்டில் உருவானது என்று தீர்மானிக்க, மூலப்பொருளின் எண்ணும் முடிந்த பொருளின் எண்ணும் எந்த அளவில் வேறுபடுகின்றன என்று பார்ப்பது பரவலான முறை. ஒரு விதி அத்தியாய மாற்றத்தைக் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெளிநாட்டு ஓட்டு முட்டையை வாங்கி ஒருவர் உடைக்கிறார். மஞ்சள் கரு 0407-லிருந்து 0408-க்குப் போகிறது. அத்தியாயம் மாறவில்லை, சலுகை இல்லை. வெள்ளைக்கரு 3502-க்குப் போய்விடுகிறது. அத்தியாயம் மாறிவிட்டது, சலுகைக்குத் தகுதி பெறுகிறது. நம் முட்டையைப் பொறுத்தவரை, இங்கே பிறந்து வளர்ந்த கோழி இட்டது என்று நிரூபித்தால் இந்தச் சிக்கலே இல்லை. அந்த நிரூபணம் உங்கள் பண்ணைப் பதிவேட்டில் இருக்கிறது. அதைத் தேதி வாரியாக ஒழுங்காக வைத்திருங்கள்.

இன்வாய்ஸில் வெறுமனே "முட்டைத்தூள்" என்று எழுதாதீர்கள். முழு முட்டையா, மஞ்சளா, வெள்ளையா, உலர்ந்ததா உறைந்ததா, உப்போ சர்க்கரையோ எத்தனை விழுக்காடு, வேறு ஏதாவது சேர்ந்திருக்கிறதா, உண்பதற்கா வேறு தொழிலுக்கா, எந்தப் பறவை என்பதையெல்லாம் ஒரே வரியில் எழுத முடியும். புதுச் சரக்கு செய்கிறீர்கள், எண் எது என்பதில் ஐயம் இருக்கிறது என்றால், கப்பல் ஏற்றும் முன்பே சுங்க முன்தீர்ப்பு ஆணையத்திடம் விண்ணப்பிக்கச் சட்டம் வழி செய்திருக்கிறது. அங்கே கிடைக்கும் தீர்ப்பு உங்களையும் கட்டுப்படுத்தும், இங்குள்ள சுங்க அதிகாரியையும் கட்டுப்படுத்தும். வாங்கும் நாட்டின் சுங்கத்துக்கு அது பொருந்தாது. அங்கே அதே போன்ற தீர்ப்பை உங்கள் இறக்குமதியாளர்தான் கேட்டு வாங்க வேண்டும், அதற்கான செய்முறைக் குறிப்பை நீங்கள்தான் அவருக்குத் தர வேண்டும்.

உங்கள் சரக்கின் விவரத்தைக் கையோடு கொண்டு வந்திருப்பவர்கள் முன்வரிசைக்கு வாருங்கள். எண் எது என்று சேர்ந்து பார்ப்போம்.